நாற்பத்தைந்துக்குப் பிறகு எலக்ட்ரீஷியன்: சென்னையில் எங்கிருந்து தொடங்குவது?

மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக 21 ஆண்டுகள் சென்னையின் கிளினிக் வாசல்களில் காத்திருந்தவன் நான். 47 வயதில் அந்த வேலை போனது. இன்று 55 வயதில் வீட்டு வயரிங் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்துகிறேன். இதைக் கேள்விப்பட்டு என்னிடம் வந்து பேசுகிறவர்கள் பலர். தொழிற்சாலை மூடியதால் வெளியே வந்தவர்கள், ஓட்டுநர் வேலையில் முதுகு வலி கண்டவர்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு கையில் ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் பெண்கள். "இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முடியும். நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. உங்களைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் சில ஆண்டுகள் கையாளாக நிற்க மனம் இடம் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் மேலே படியுங்கள். நான் போன வழியையும், இன்னும் சரியாகப் போயிருக்க வேண்டிய வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

பலரும் இதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். பல்பு, மின்விசிறி, பியூஸ், ஸ்விட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு உபயோகப் பொருள் ஆகியவற்றை, இணைப்பின் அளவும் தன்மையும் மாறாதபடி மாற்றிப் பொருத்துவதற்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட வேலை எதுவானாலும், புது வயரிங் ஆகட்டும், கூடுதல் லைன் இழுப்பதாகட்டும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இது 45ஆம் விதியாக இருந்தது. பின்னர் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் தொடர்கிறது.

ஆகவே, மூன்று மாதப் பயிற்சி முடித்த மறுநாளே "அனைத்து வயரிங் வேலைகளும் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டாதீர்கள். விதியை மீறுவது ஒருபுறம் இருக்க, சுவருக்குள் நீங்கள் மறைத்து வைக்கும் தவறு பத்து ஆண்டுகள் கழித்து யாரோ ஒரு குழந்தையின் கைக்கு வந்து சேரும்.

மீட்டரும் அதன் முத்திரையும் மின்வாரியத்தின் சொத்து. "மீட்டரைக் கொஞ்சம் பாருங்கள், பில் அதிகமாக வருகிறது" என்று தெரிந்தவர்களே கேட்பார்கள். வீட்டுக்குள் எங்கே கசிகிறது, எந்தப் பொருள் அதிகம் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். மீட்டரில் கை வைக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு மின்திருட்டைப் பற்றியது. மீட்டரில் முறைகேடு செய்வதும் அதில் அடக்கம்.

படிப்பு எங்கே?

நாற்பது வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையம்தான் நல்ல வழி. எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு போதும். கிண்டி, அம்பத்தூர், திருவான்மியூர், வடசென்னை ஆகிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்களுக்கு உச்ச வயது 40. பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெண்களில் பெரும்பாலோருக்கு இது தெரிவதில்லை. பகலில் பெண்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் இந்த நகரத்தில் எத்தனை! ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தால் நிம்மதியாகக் கதவைத் திறப்பேன் என்று என்னிடமே பல அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

என்னைப் போல நாற்பதைத் தாண்டிவிட்ட ஆண்கள் குறுகிய காலப் பயிற்சியைத்தான் நாட வேண்டும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக நடக்கும் பயிற்சிகளை விசாரியுங்கள். தனியார் பயிற்சி என்றால் பணம் கட்டும் முன் பயிற்சிக்கூடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பலகையில் வயர் இழுத்து, ஸ்விட்ச் பொருத்தி, கழற்றி, மறுபடி பொருத்துகிற இடமா என்று பார்க்க வேண்டும். படம் காட்டிப் பாடம் நடத்துவதோடு முடியும் இடத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். சான்றிதழ் கிடைத்தது, கை எதையும் கற்கவில்லை.

எங்கே படித்தாலும் இந்தச் சின்னக் கணக்கை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் ஹீட்டரை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். எந்த வயர், எந்த எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), எந்த பிளக் என்பதெல்லாம் இந்த வகுத்தலில் இருந்துதான் தொடங்குகிறது.

கையாளாக நிற்கும் ஆண்டுகள்

நல்ல மேஸ்திரியை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் பகுதி எலக்ட்ரிக்கல் கடையில் காலை எட்டரை மணிக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். அன்றைய வேலைக்குச் சாமான் வாங்க எல்லா எலக்ட்ரீஷியன்களும் அந்த நேரத்தில் வருவார்கள். கையில் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறவர் யார், "எது விலை குறைவோ அதைக் கொடுங்கள்" என்று கேட்கிறவர் யார், மிச்சமான சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் கணக்கில் கழிக்கச் சொல்கிறவர் யார் என்று நான்கு நாளில் தெரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டாலும் சொல்வார். அவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் வேலை செய்பவராக இருப்பது முக்கியம். பின்னால் அனுபவச் சான்று கேட்கும்போது அது கை கொடுக்கும்.

எனக்குக் கிடைத்த மேஸ்திரிக்கு அப்போது 31 வயது. முதல் வாரம் முழுவதும் என்னை "சார்" என்றே அழைத்தார். மேலே ஏறச் சொல்லவில்லை, சுவரை வெட்டச் சொல்லவில்லை, கீழே சிதறியதைப் பெருக்கக்கூடச் சொல்லவில்லை. ஏழாம் நாள் டீக்கடையில், "தம்பி, என்னை அண்ணா என்று கூப்பிடுங்கள், எல்லா வேலையும் சொல்லுங்கள்" என்றேன். அன்று பிற்பகலே துளை போடும் மெஷினை என் கையில் கொடுத்தார். என் படிப்பு அந்தப் பிற்பகலில்தான் தொடங்கியது. வயதில் மூத்தவருக்கு வேலை சொல்ல இளையவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியவர் நீங்கள்தான்.

குழாய்க்குள் வயர் இழுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க எளிது. ஒருவர் மேலே கூரைப் பெட்டியில் இருந்து தள்ள வேண்டும், இன்னொருவர் ஸ்விட்ச் பெட்டியில் இருந்து இழுக்க வேண்டும். வளைவில் வயர் சிக்கும்போது இழுப்பவர் கைக்கு ஒரு சின்ன இறுக்கம் தெரியும். அப்போது நிறுத்தி, ஒரு சாண் பின்னால் விட்டு, மறுபடி இழுக்க வேண்டும். பலம் இருக்கிறது என்று வெடுக்கென்று இழுத்தால் வயர் வந்துவிடும். ஆனால் வளைவின் விளிம்பில் மேலுறை சீவிக்கொண்டு போயிருக்கும். அன்று எல்லா விளக்கும் எரியும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் இழுக்கும்போதுதான் ஷாக் அடிக்கத் தொடங்கும். இந்த இறுக்கத்தை எந்தப் புத்தகமும் கைக்குக் கற்றுத் தராது. எனக்கு நான்கு மாதம் ஆனது.

அடுத்தது முனையில் வயரைப் பொருத்துவது. மேலுறையைத் தேவையான நீளம் மட்டும் சீவி, உள்ளிழைகளை முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல் நுழைத்து, திருகை இறுக்கி, பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். என் மேஸ்திரி ஒவ்வொரு முனைக்கும் "இழுத்துப் பார்த்தாயிற்றா?" என்று கேட்பார். நாற்பது முனை என்றால் நாற்பது முறை. சென்னையில் மே மாதம் நள்ளிரவில் கருகிப்போகும் போர்டுகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் தளர்ந்த திருகுகள்தான். இரவெல்லாம் ஏ.சி. ஓடும்போது தளர்ந்த முனை சூடாகி, மேலுறை உருகி, கருகல் நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் விழித்துக்கொள்கிறார்.

இனி, என் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்று. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டில் விளக்கு ஹோல்டரை மாற்ற ஏறினேன். ஸ்விட்சை அணைத்திருந்தேன், விளக்கும் அணைந்திருந்தது. தொட்டவுடன் தூக்கி அடித்தது. ஏணியில் இருந்து விழாமல் மேஸ்திரி தாங்கிப் பிடித்தார். அந்த வீட்டில் எப்போதோ யாரோ ஸ்விட்சை, மின்சாரம் வரும் பேஸ் வயரில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் வைத்திருக்கிறார்கள். அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருக்கும். அன்று முதல் மூன்று சோதனை இல்லாமல் எதையும் தொடுவதில்லை. மின்சாரம் நிச்சயம் இருக்கும் ஓரிடத்தில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு மெயினை அணைத்து, வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்ப்பேன். மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்துக்குப் போய், டெஸ்டர் நடுவில் செத்துவிடவில்லை என்று உறுதி செய்வேன். மெயின் முழுதும் அணைந்திருந்தால் இதற்குப் பக்கத்து வீட்டு பிளக்கைக்கூடப் பயன்படுத்தியிருக்கிறேன். முடிந்தவரை டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரிலும் பாருங்கள். அணைத்த மெயினில் "ஆள் வேலை செய்கிறார்" என்று எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். விசிறி நின்றுவிட்டதே என்று பாட்டி எழுந்து போய் மெயினைப் போட்டுவிடும் வீடுகள் நம்முடையவை.

உடம்பு

நாற்பதுக்கு மேல் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறையும். கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் வைத்த கண்ணாடியோடு ஏணியில் இறங்கினால் படி இடறும். ஒரு கை நீளத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி செய்து வேலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குழப்பம் உண்டா என்று கண் மருத்துவரிடம் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். எர்த் வயர் பச்சை, பேஸ் சிவப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேளைக்குச் சாப்பிடாமல் ஏணியில் ஏறக் கூடாது. எனக்கும் சர்க்கரை உண்டு. பன்னிரண்டரைக்கு நான் இறங்கிவிடுவேன், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

வியர்வை இன்னொரு எதிரி. ஈரத்தோல் மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடும். சித்திரை, வைகாசியில் விசிறியும் இல்லாமல் வேலை செய்யும்போது கையைத் துடைத்துக்கொண்டே இருங்கள். ரப்பர் அடியுள்ள மூடிய செருப்பு, மரம் அல்லது பைபர் ஏணி. இரும்பு, அலுமினிய ஏணி வேண்டாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டிங் பிளையர், நோஸ் பிளையர், வயர் சீவி, இரண்டு மூன்று அளவு ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், மல்டிமீட்டர், டேப், தலையில் மாட்டும் விளக்கு. பாரிமுனையிலும் ரிச்சி தெருவிலும் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். பிளையரில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள். மெகர் என்னும் இன்சுலேஷன் சோதனைக் கருவி விலை அதிகம்; தனியாக வேலை எடுக்கும்போது வாங்கிக்கொள்ளலாம், அதுவரை மேஸ்திரியுடையதில் பழகுங்கள்.

சென்னை வீடுகள் எப்படி இருக்கும்

புது அடுக்ககத்தில் ஒன்றரை, இரண்டரை, நான்கு என்று சதுர மில்லிமீட்டர் கணக்கில் வயர் இருக்கும். பொதுவாக விளக்குக்கு ஒன்றரை, பிளக்குக்கு இரண்டரை, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் நான்கு. மூத்த எலக்ட்ரீஷியன்கள் இன்றும் 1/18, 3/22, 7/20 என்றுதான் பேசுவார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் கேஜ், அதாவது தடிமன் எண். இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மயிலாப்பூரிலும் ராயபுரத்திலும் சுவரில் மரச்சட்டம் அடித்து ஓட்டிய வயரிங்கும், அலுமினிய வயரும், கிட்காட் பியூஸும் (கம்பி சுற்றிச் செருகும் பழைய பீங்கான் பியூஸ்) இன்னும் உயிரோடு இருக்கின்றன. பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பின் பியூஸ் போகாது, வயர்தான் எரியும். எம்.சி.பி.யிலும் இதே கதைதான். 16 ஆம்பியர் விழுகிறது என்றால் 32 வாங்கிப் போடச் சொல்வார்கள். எம்.சி.பி. காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை என்பதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

மின்கசிவில் இருந்து ஆளைக் காக்கும் ஸ்விட்சான ஆர்.சி.சி.பி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்பே இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த வித்தியாசம் ஒரு மனித உடம்பின் வழியாகத் தரைக்குப் போவதாக இருக்கலாம். சென்னையில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இன்வெர்ட்டரை மாட்ட வந்தவர் அதன் நியூட்ரலை வேறொரு சர்க்யூட் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போனால், மின்சாரம் திரும்பும் வழி மாறி, ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் விழும். நங்கநல்லூரில் ஒரு வீட்டில் இப்படித்தான். "அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள், தினமும் தொல்லை" என்றார் வீட்டுக்காரர். மேஸ்திரி மறுத்துவிட்டார். ஒவ்வொரு சர்க்யூட்டாக நியூட்ரலைக் கழற்றிப் பார்த்து, ஹால் ஸ்விட்ச் பெட்டிக்குள் அந்த முறுக்கைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அதற்கான கூலியைக் கொடுக்க வீட்டுக்காரர் முகம் சுளித்தார். இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தில் நான் கற்றது, பயிற்சி வகுப்பில் கற்ற அனைத்தையும்விட அதிகம். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடச் சொல்கிற வீட்டில் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். உங்களால் தாங்க முடிகிற நஷ்டம் அது.

வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலையே வேறு மாதிரி. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தரைத்தள வீடுகளில் பிளக் பாயிண்டுகள் முழுகின. தண்ணீர் வடிந்த அன்றே மெயினைப் போடச் சொல்லி அழைப்பார்கள். போடக் கூடாது. போர்டுகளைக் கழற்றி, சேற்றை எடுத்து, காயவிட்டு, 500 வோல்ட் மெகரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்து, குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டினால்தான் இணைப்பு. நனைந்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.யைக் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. புதிதுதான் போட வேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அது மின்வாரியத்தின் வேலை. அதன் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிட்டு, யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் உப்புக்காற்று எர்த் குழாயின் இணைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். பெசன்ட் நகரிலோ திருவொற்றியூரிலோ மூன்று முள் பிளக்கைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கீழே இறங்கி எர்த் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்.

சான்றிதழும் பதிவும்

வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டு செய்முறை அனுபவமும் 21 வயதும் நிறைந்தவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். உச்ச வயது கிடையாது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. அறிவிப்பு செய்தித்தாளில் வரும். விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று வைக்க வேண்டும் என்பதால், முதல் நாளில் இருந்தே எந்தத் தேதியில் எந்த இடத்தில் என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அதற்கு மேல் கம்பியாள், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் என்று போகும் படிகளுக்குக் கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தை அணுக வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்யலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் இதை நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆண்டு கையாள் கூலி, நீங்கள் முன்பு வாங்கிய சம்பளத்தின் பக்கத்தில்கூட வராது. வீட்டில் உட்கார்ந்து மனைவியோடும் பிள்ளைகளோடும் கணக்குப் போட்டு, குறைந்தது ஓராண்டுச் செலவுக்கு வழி செய்துகொண்டு வாருங்கள். நான் அதைச் செய்யாமல் இறங்கினேன். என் மனைவியின் இரண்டு வளையல்கள் அந்த ஆண்டில் அடகுக்குப் போயின. மீட்க மூன்று ஆண்டுகள் ஆயின.

தனியாக முதல் வேலை

உங்கள் பெயரில் முதல் வேலைக்குப் போகும்போது, இத்தனை காலம் வேறொரு தொழிலில் இருந்ததன் பலன் தெரியும். சொன்ன நேரத்துக்குப் போவது, செருப்பை வெளியே விடுவது, சாமானுக்குத் தனி, கூலிக்குத் தனி என்று ரசீது எழுதுவது, பெருக்கிவிட்டுக் கிளம்புவது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் இதற்காகவே உங்களைத் திரும்ப அழைப்பார்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். லிப்ட், மும்முனை மோட்டார் பேனல் போன்றவற்றை நான் இன்றும் எடுப்பதில்லை. மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

வேலை முடிந்ததும், எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்த எம்.சி.பி. எதற்கு என்று தமிழில், பெரிய எழுத்தில்: ஹால் விளக்கு, சமையலறை பிளக், படுக்கையறை ஏ.சி., ஹீட்டர், மோட்டார். கீழே தேதி. மடிப்பாக்கத்தில் ஓர் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். மாதம் பிறந்து காலண்டரில் புதுத் தாளைத் திருப்பும் அன்று அதை அழுத்திப் பார்க்கிறார். 'டக்' என்று கீழே விழுந்தால் மறுபடி தூக்கிவிடுவார். விழாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்தத் தாளின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.